நாய் சாகாது

“அழுவாச்சி தாங்குவியா?”

படம் ஏற்றித் தரச் சொல்லி மெமரி கார்டை நீட்டினால் அவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஜமுனாமரத்தூரில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, புளி மண்டியை ஒட்டி அவருடைய செல் கடை. ரீசார்ஜ், ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்று போர்டில் எழுதியிருக்கும். எழுதாத வேலைகள் இரண்டு. ஒன்று, செல்லில் படம் ஏற்றித் தருவது. இன்னொன்று, திருப்பத்தூர் பழைய பேப்பர் கடைகளில் கிளறி எடுத்துவந்த கதைப் புத்தகங்களைப் படிக்கக் கொடுப்பது. எங்கள் ஊர் மாதிரி சிக்னலே எட்டிப்பார்க்காத மலையூர்களுக்கு தியேட்டர், லைப்ரரி எல்லாம் அந்த எட்டடிக் கடைதான்.

கேட்டதைக் கொடுக்கமாட்டார். அதுதான் அவரிடம் வம்பு. முதலில் முகத்தைப் பார்ப்பார். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, போன வாரம் கொடுத்தது எப்படி இருந்தது, யார் யார் சேர்ந்து பார்த்தீர்கள் என்று டாக்டர் மாதிரி விசாரிப்பார். அப்புறம்தான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்புவார்.

“சண்டப் படம் இன்னாத்துக்கு உனக்கு? மாமியாரு படுத்த படுக்கையா கீறாங்க. இத எட்த்துனு போ. வூடே சிரிக்கும்.”

எதிர்த்துப் பேசினால் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. வெள்ளை அரைக்கைச் சட்டை, அதன் பையில் பிதுங்கப் பிதுங்கத் துண்டுச் சீட்டுகள். சிரித்தால் சத்தம் வராது, தோள்தான் குலுங்கும். என்ன புத்தகம் வந்தாலும் முதலில் அவர் படித்து முடிப்பார். எந்தப் படமும் அவர் பார்க்காமல் வெளியே போகாது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அடுத்துச் செய்வதுதான் அநியாயம். இந்த ஆள் அழுகை தாங்காது என்று முடிவு கட்டிவிட்டால், படத்தில் சாவு வருகிற இடத்துக்கு முன்னாலேயே வெட்டிவிட்டு மிச்சத்தை ஏற்றித் தருவார். புத்தகமென்றால் கடைசிப் பக்கங்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்துவிடுவார். நாலு பின், சில சமயம் ஆறு. பக்கத்தில் பென்சிலால் எழுதியிருப்பார்: ‘இத்தோட போதும்.’

எங்கள் ஊர்ப் பக்கம் இருந்த வனக்காவலர் ஒருவர், ஒரு காதல் படத்தை இப்படித்தான் வெட்டுப்பட்டதாகவே பத்துத் தடவை பார்த்திருந்தார். அமிர்தியில் சொந்தக்காரர் கல்யாணத்தில் அந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. கதாநாயகி செத்துப்போவாளே என்று யாரோ சொல்ல, இவர் சாகவேயில்லை என்று சண்டைக்குப் போய், பந்தயம் கட்டி, பந்தியிலேயே மானம் போய்த் திரும்பிவந்தார். நேராகக் கடைக்குத்தான் வந்தார்.

“யோவ், அந்தப் பொண்ணு செத்துட்டாளாமேய்யா!”

“மூணு வருஷமா உனக்கு உயிரோடதான சார் இருந்தா? அதுல உனக்கு இன்னா நஷ்டம்?” என்றாராம் கடைக்காரர். ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

நான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். பிளஸ் டூ வரை படித்தேன். படிப்பு நின்றாலும் கதைப் புத்தகம் படிக்கிற பைத்தியம் நிற்கவில்லை. மாதம் இரண்டு முறை எண்ணெய், பருப்பு வாங்க ஜமுனாமரத்தூர் போகும்போது அவரிடம் புத்தகம் வாங்கிவருவேன். ஒரு தடவை அவர் கொடுத்த நாவலில் ஆறு பின் இருந்தது. ரயிலில் முறுக்கு விற்கிற ஒருத்தி, தொலைந்துபோன மகனை ஸ்டேஷன் ஸ்டேஷனாகத் தேடுகிற கதை. பின் வரைக்கும் படித்துவிட்டு அதற்கு மேல் தூக்கம் வருமா யாருக்காவது? அரிவாள்மணை நுனியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துவிட்டேன்.

எடுக்காமல் இருந்திருக்கலாம். மகன் கிடைக்கிறான், அவள்தான் இல்லை. இரண்டு நாள் அழுதேன். மூன்றாவது நாள் பள்ளிக்கூடத்தில் அதையே நினைத்துக்கொண்டு நின்றதில் சாம்பார் அடிப்பிடித்துப் பிள்ளைகள் வெறும் சோறும் முட்டையும் தின்றார்கள். அந்தச் செய்தி எனக்கு முன்னால் கடைக்குப் போய்விட்டது. மலையில் சிக்னல் வராவிட்டாலும் இதெல்லாம் வந்துவிடும்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது விரித்துப் பார்த்தார். ஓட்டை ஓட்டையாக இருந்தது.

“பின்ன எட்த்தியா?”

“இல்லண்ணா. பாப்பா இழுத்துடுச்சி.”

“பாப்பாவா சாம்பார கருக்குச்சி?”

மேஜை டிராயரிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். எந்த ஊர், எந்த வீடு, என்ன பார்க்கலாம், என்ன பார்க்கக்கூடாது என்று எல்லாருக்கும் அதில் ஒரு வரி இருந்தது. ‘சாமி படம் மட்டும்.’ ‘சண்டை சரி, குழந்தை சாகக்கூடாது.’ என் பெயருக்கு நேராக, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதினார்: ‘தாங்காது.’

எனக்குக் கோபம் வந்தது. “ஏண்ணா, அழுதா இன்னா இப்ப? அழறதுக்குத்தான கதையே படிக்கறோம்?” என்றேன். அவர் ஸ்டேப்ளரில் பின் நிரப்பிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

“கீழ படவேட்டுல கட வெச்சிருந்தேன்மா. பிளஸ் டூ படிக்கிற பொண்ணு ஒண்ணு வரும். ஒரு புஸ்தகம் குடுத்தேன். மறுநாள் அது கெணத்துல கெடந்துச்சி. வூட்டுல இன்னாவோ பிரச்சனைன்னாங்க. இருக்கலாம். ஆனா தலமாட்டுல கெடந்தது என் புஸ்தகம்.”

பாவம் மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். நோட்டில் எழுதினதை அடிக்கச் சொல்லிக் கேட்கவேயில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கொரோனாவின் இரண்டாவது அலை வந்த வருஷம். முதல் அலையை நாங்கள் பேப்பரில்தான் படித்தோம்; இரண்டாவது அலை மலையேறி வந்தது. என் வீட்டுக்காரர் பிக்கப் வண்டி ஓட்டினார். புளியும் சாமையும் ஏற்றிக்கொண்டு திருப்பத்தூர் போய்வருவார். ஒரு நாள் ஜுரத்தோடு வந்தார். மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது. நூற்றெட்டு ஆம்புலன்ஸ் வந்து கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூட யாரும் வரக்கூடாது என்றுவிட்டார்கள். ஏறுகிற அவசரத்தில் அவர் செல் பிக்கப் வண்டியிலேயே தங்கிப்போயிற்று. மறுநாள் எனக்கும் ஜுரம். ஊர்க்காரர்கள் எங்கள் சந்தில் முள் வெட்டிப் போட்டு அடைத்தார்கள். உள்ளே நானும் ஆறு வயது மகளும்.

ஆஸ்பத்திரி பாரத்தில் போன் நம்பர் கேட்டால் என் வீட்டுக்காரர் எந்த நம்பரைச் சொல்வார்? கடை நம்பரைத்தான். மலையில் எல்லாரும் அப்படித்தான். ரேஷன் கார்டிலும் பேங்க் பாஸ்புக்கிலும் பிள்ளைகளின் ஸ்கூல் பாரத்திலும் அவர் நம்பர்தான் இருக்கும். போன் வந்தால் சீட்டில் எழுதி, அந்தப் பக்கம் போகிற வண்டியில் கொடுத்தனுப்புவார். அவசரமென்றால் டிவிஎஸ்ஸில் அவரே வந்து ஆளை ஏற்றிக்கொண்டுபோய் போனில் பேசவைப்பார். இதற்கு அவர் கைநீட்டிக் காசு வாங்கி நான் பார்த்ததில்லை.

அந்த நாட்களில் வண்டி எதுவும் ஓடவில்லை. அவர்தான் தினமும் சாயங்காலம் ஏழு கிலோமீட்டர் டிவிஎஸ்ஸில் வருவார். முள்ளுக்கு அந்தப் பக்கம் ஒரு மஞ்சப்பையை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். பையில் ஜுர மாத்திரை, பிஸ்கட், ஒரு புத்தகம், படம் ஏற்றின கார்டு. கூடவே ஒரு சீட்டு. மேலே ஆஸ்பத்திரிச் செய்தி இருக்கும்: ‘நர்ஸம்மா பேசினாங்க. இட்லி சாப்பிட்டாராம்.’ கீழே எனக்கும் பாப்பாவுக்குமான யோசனை. ஒரு சீட்டு இன்னும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது.

‘வேற பாஷைப் படம். பேச்சு புரியலன்னா பரவாயில்ல, படம் புரியும். ஒரு கிழவன், ஒரு நாய், நடந்தே ஊருக்குப் போறாங்க. பாதியில நிறுத்திப் பாப்பாவுக்குச் சோறு குடு. நடுவுல நாய் ஆத்துல விழும். பயப்படாதீங்க. நாய் சாகாது.’

நாய் சாகவில்லை. ஆற்றிலிருந்து அது ஏறிவந்து உடம்பை உதறியபோது பாப்பா பாயில் எழுந்து நின்று கைதட்டினாள். நான்கு நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் அன்றைக்குத்தான் சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கும் அன்று ஜுரம் விட்டிருந்தது. சாயங்காலம் டிவிஎஸ் சத்தம் கேட்டதும் முள்ளுவரை ஓடினேன்.

“அண்ணா, நாய் சாகலண்ணா!” என்று கத்தினேன்.

அவர் பையை வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. “இன்னாண்ணா, போன் வந்துச்சா?” என்றேன். “வந்திச்சி. நல்லாகீறாராம்” என்று சொல்லி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அன்றைய பையில் சீட்டு இல்லை. அவசரத்தில் மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் அவரே ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு வந்தார். கொஞ்சம் சீரியஸ் என்றார். மலை இறங்குகிற வரைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். போளூரை நெருங்கும்போதுதான் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, தாங்கமாட்டாமல் உண்மையைச் சொன்னான். ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரரைப் பையில் சுற்றி வைத்திருந்தார்கள். முகத்தை ஒரு நிமிஷம் காட்டினார்கள். அவ்வளவுதான் என் கல்யாணம்.

நான் அப்போது கடைக்காரர்மேல் கோபப்படவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும். அந்த மனுஷன் இல்லாவிட்டால் அந்தப் பத்து நாளில் நானும் பாப்பாவும் என்ன ஆகியிருப்போமோ தெரியாது. காரியம் முடிந்த பிறகும் மாதக்கணக்கில் பையனுப்பிக்கொண்டேயிருந்தார். எல்லாம் சிரிப்புப் படம். ஒன்றையும் நான் பார்க்கவில்லை, பாப்பா பார்த்தாள்.

சாமை அறுக்கிற சமயம். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் எங்கள் வீட்டைத் தேடிவந்தார். ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரருக்கு அடுத்த கட்டிலில் இருந்தவராம். பிழைத்து வந்துவிட்டார். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சும்மா போகாமல் கேட்டார்.

“ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்காதம்மா. உன் வூட்டுக்காரரு உன்னாண்ட பேசணும்னு தவியா தவிச்சாரே. பத்து மணிக்கு கடைக்கு வருவா, பத்து மணிக்கு வருவான்னு நர்ஸு போன கையில வெச்சிகினு உக்காந்திருந்தாரு. ஏம்மா போவல நீ?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டேன். மறுநாள் முதல் வண்டிக்கே கடைக்குப் போய், என் வீட்டுக்காரர் போனில் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“லைன் சரியா கெடைக்கலம்மா. கட்டாயிடுச்சி” என்றார்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனேன். “தைரியமாதாம்மா பேசுனாரு. பாப்பாவ நல்லா படிக்க வெக்கச் சொன்னாரு” என்றார். மூன்றாவது தடவை போனபோது கதை இன்னும் வளர்ந்திருந்தது. “உன்ன மாதிரி பொண்டாட்டி கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்னாரு.”

என் வீட்டுக்காரரா? எட்டு வருஷம் குடும்பம் நடத்தினேன், அப்படி ஒரு வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை. குழம்பு நன்றாயிருந்தால் இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்வார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த கொஞ்சல். இந்த ஆள் எங்கேயோ படித்ததையெல்லாம் எடுத்து என் புருஷன் வாயில் வைத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அண்ணா என்று கூப்பிட்ட வாய் மரியாதையை விட்டது.

“என் புருஷன் இன்னா சொன்னாரு? நீ கட்டின கத வேணாம் எனக்கு. அவரு சொன்னத சொல்லு. சொல்லாம நான் இங்கருந்து எழுந்திருக்க மாட்டேன்.”

கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ரீசார்ஜுக்கு வந்தவர்களெல்லாம் என்னைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். மூன்று மணி பஸ்ஸும் போனது. கடைசியில் அவர் எழுந்துவந்து ஷட்டரைப் பாதி இறக்கினார். என் முகத்தைப் பார்க்காமல், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அன்னிக்கி மத்தியானம் பண்ணாரும்மா. மூச்சு வாங்குது, வார்த்த முழுசா வரல. ‘நாளைக்கு காலைல பத்து மணிக்கு அவள கூட்டியாந்து கடையில நிக்க வெய்ண்ணா, நர்ஸு போன் தரேன்னுது’ன்னாரு. சரின்னேன். உன்னாண்ட சொல்லத்தான் வந்தேன். நீ முள்ளாண்ட ஓடியாந்து நாய் சாகலண்ணான்னு சிரிச்ச. எனக்கு வாய் வரல. திரும்பிட்டேன்.”

“அப்பறம்?”

“காலைல டாண்ணு பத்து மணிக்கு அடிச்சிச்சி. ‘வந்துட்டாளா?’ன்னாரு. ஜொரம், எழுந்திருக்க முடியலன்னு பொய் சொன்னேன். அழுதாரும்மா. கொழந்த மாதிரி அழுதாரு. ‘பயமா கீதுண்ணா. அவ கொரல கேட்டா போதும். கூட்டியா போண்ணா, நான் வெச்சினே இருக்கறேன்’னாரு. திரும்பத் திரும்ப அதயே சொன்னாரு. என்னால கேக்க முடியல.” கீபோர்டைத் தள்ளி வைத்தார். “லைன் போவலம்மா. நான்தான் கட் பண்ணேன்.”

ஏழு கிலோமீட்டர். டிவிஎஸ்ஸில் போனால் இருபது நிமிஷம். எனக்கு ஜுரம்கூட விட்டிருந்தது. ‘இந்தா இருக்கேன்யா, பயப்படாத’ என்று நான் சொல்லியிருப்பேன். வேறொன்றும் இல்லை, அந்த மூன்று வார்த்தை. அதைக் கேட்டுவிட்டுச் செத்திருப்பார் என் புருஷன்.

“நான் தாங்கியிருப்பேன்” என்றேன்.

“சாம்பாருக்கே நீ...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஒரு கதைக்கு அழுதவள் புருஷன் குரலைத் தாங்கமாட்டாள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். எப்படிப்பட்ட மடத்தனம்! கதை படித்து அழுகிறவளுக்கு நெஞ்சில் தெம்பு இல்லையென்று யார் சொன்னது? தாங்கமுடியாதவர் அவர்தான். அந்த நோட்டில் முதல் வரியில் அவர் பெயரை எழுதியிருக்க வேண்டும். ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்தேன். அதற்குப் பிறகு அந்தக் கடைப் படி ஏறவில்லை.

இரண்டு வருஷம் கழித்துக் கடையை ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு அவர் படவேட்டுக்கே இறங்கிப்போனார். போன மாசியில் இறந்துவிட்டார் என்று வனக்காவலர்தான் வந்து சொன்னார். மலையிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள் போனார்கள். எனக்கும் ஒரு இடம் வைத்திருந்தார்கள். நான் போகவில்லை. வேன் போனபிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். யாருக்காக அழுதேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மகளுக்கு இப்போது பதினொரு வயது. அவளிடம் எதையும் மறைக்கக்கூடாது, ஒருநாள் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி சொல்லிவிட வேண்டும் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் சாயங்காலம், முறத்தில் நான் சாமை புடைத்துக்கொண்டிருக்கும்போது அவளாகவே வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“எம்மா, அப்பா ஆஸ்பத்திரில இருந்து போன் பண்ணாராமே. இன்னா சொன்னாரு?”

முறத்தைக் கீழே வைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அதே நெற்றி, அதே மூக்கு.

“உன்ன நல்லா படிக்க வெக்கச் சொன்னாரு.”

“அழுதாரா?”

“ச்சே. உங்கப்பனாவது அழறதாவது. சிரிச்சினேதான் பேசுனாரு.”

“அப்டின்னா சரி” என்று சொல்லிவிட்டு விளையாடப் போனாள்.